கோக்கின் வாயில் பாஸ்டரின் சொல்

ஈ.கோலி என்னும் குடற்கிருமியின் வகைகளில் மிகக் கொடியதொன்றுக்கு ஓ157:எச்7 என்று பெயர். 1982ஆம் ஆண்டில், அமெரிக்காவில் அரைவேக்காட்டு ஹாம்பர்கர் உண்டவர்கள் இரத்த பேதியால் துன்புற்றபோது வைத்திய உலகின் கவனத்துக்கு வந்த இந்தப் பெயரை இன்று எந்த நாட்டுப் பரிசோதனைச் சாலையிலும் தடங்கலின்றி உச்சரிக்கிறார்கள். ஆயினும் ஓ எது, எச் எது என்று கேட்டால், அவை கிருமியின் எந்தெந்தப் பாகத்தைச் சுட்டுகின்றன என்று விடை சொல்வார்களேயன்றி, அவ்வெழுத்துக்கள் எந்தச் சொற்களின் முதலெழுத்துக்கள் என்று சொல்லக்கூடியவர் அரியர். இரண்டும் ஜெர்மன் பாஷைக்கு உரியவை. 'ஹவுக்' என்றால் மூச்சு. கண்ணாடியின்மேல் ஊதினால் படிகிறதே, அந்த மெல்லிய மங்கலுக்கும் அதே பெயர். 'ஓனே ஹவுக்' என்றால் அந்த மங்கல் இல்லாதது. முதல் உலக யுத்த காலத்தில், ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில் டைஃபஸ் ஜுரத்தை ஆராய்ந்துகொண்டிருந்த எட்மண்ட் வைல், ஆர்தர் ஃபெலிக்ஸ் என்ற இருவர் புரோட்டியஸ் என்னும் கிருமியை அகார் தட்டுக்களில் வளர்த்தபோது, சில வளர்ப்புக்கள் மூச்சுப் படிந்தாற்போலத் தட்டு முழுவதும் மெல்லிய படலமாகப் பரவுவதையும், வேறு சில பரவாமல் தனித்தனிப் புள்ளிகளாக நின்றுவிடுவதையும் கண்டு, கண்ணுக்குத் தெரிந்ததையே பெயராக்கினார்கள். பரவும் வல்லமை கசையிழைகளால் வருவது. ஆதலால் எச் என்பது கசையிழைக்கும், ஓ என்பது கிருமியுடலின் மேற்பரப்புக்கும் உரிய குறியீடுகளாகப் பிற்காலத்தில் நிலைத்துவிட்டன. ஆங்கிலம் எழுத்துக்களை எடுத்துக்கொண்டது. தட்டின்மேல் இருவர் கண்ட காட்சியை ஜெர்மன் பாஷையிலேயே விட்டுவிட்டது.

அவ்வெழுத்துக்கள் ஒரு தடவை பிறந்தகத்துக்குத் திரும்பியும் வந்தன. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கி வட ஜெர்மனியில் பரவிய ஓ104:எச்4 என்ற வகை 50-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. எகிப்திலிருந்து தருவித்த வெந்தயத்தை முளைகட்டிப் பச்சையாக உண்டதே அதற்கு மூலம் என்பது விசாரணையாளர் வந்துசேர்ந்த முடிவு. ஜெர்மன் பாஷையில் 'கைம்' என்ற ஒரே சொல் முளைக்கும் கிருமிக்கும் பொதுவாதலால், முளையிலிருந்தே முளை வந்தது என்று சொல்லும்படியான விபரீதம் அந்நாட்டுக்கு நேர்ந்தது. இது போகிற போக்கில் சொன்னது.

நான் சொல்லவந்த விஷயம் வேறு. கிருமி சாஸ்திரத்தின் ஆதார கிரந்தங்களில் பெரும்பகுதி ஜெர்மன் பாஷையில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த விஞ்ஞானிகளின் தொகையோ குறைந்துகொண்டே வருகிறது. அதனால் என்ன குறைந்துவிட்டது, இயந்திரத்திடம் பக்கத்தைக் காட்டினால் ஒரு நொடியில் ஆங்கிலமாக்கித் தருகிறதே என்று கேட்கிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைக்கும் ஆங்கிலம் சரளமாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தச் சரளமே என்னை அச்சுறுத்துகிறது. ஒரு பழைய விஞ்ஞானக் கட்டுரையை மொழிபெயர்க்கிறவர், அதன் ஆசிரியர் அறிந்திருந்ததை நமக்குத் தருவதோடு, அவர் அறியாதிருந்ததையும் பங்கப்படாமல் காப்பாற்றித் தரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். நேற்றைய மனிதரின் வாக்கியத்தில் இன்றைய அறிவைப் புகுத்துகிற மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அது பொய்ச் சாட்சியமே.

இந்த சாஸ்திரம் ஜெர்மன் பாஷையில் வளர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வோல்ஷ்டைன் என்னும் சிற்றூரில் அரசாங்க வைத்தியராக இருந்த ராபர்ட் கோக், ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் கிருமி எவ்வாறு வித்தாக உறைந்து மீண்டும் உயிர்க்கிறது என்பதைத் தம் வீட்டிலேயே ஆராய்ந்து கண்டு, 1876இல் அதை வெளியிட்டார். வெளியிட்ட இடம், பிரெஸ்லாவ் சர்வகலாசாலைத் தாவரவியல் ஆசிரியர் ஃபெர்டினாண்ட் கோன் நடத்திய தாவரவியல் பத்திரிகை. 1882 மார்ச் 24ஆம் தேதி மாலை, க்ஷயரோகத்தின் காரணத்தைக் கண்டுவிட்டதாகப் பெர்லினில் அவர் அறிவித்தார். அந்த உரை ஏப்ரல் 10ஆம் தேதி ஒரு வைத்திய வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. ஏப்ரல் 22ஆம் தேதியன்று லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் அதன் சாரத்தை ஆங்கிலத்தில் கடிதமாக எழுதிவிட்டார் ஜான் டிண்டல். பௌதிக நிபுணரான டிண்டலுக்கு அது எப்படி இயன்றது என்றால், அவர் இளமையில் மார்பர்க் சர்வகலாசாலையில் பயின்று பட்டம் பெற்றவர். ஜெர்மன் பாஷை அவருக்குச் சொந்த வீடு. புண்களில் தொற்றும் நோய்களைப் பற்றிய கோக்கின் நூலை 1880இல் ஆங்கிலமாக்கிய வாட்ஸன் செய்ன், லிஸ்டரின் சீடரான ரண வைத்தியர். 1886இல் நியூ ஸிடன்ஹாம் சங்கம் வெளியிட்ட ஒரு பெருந்தொகுப்பும் அவருடைய மேற்பார்வையில் உருவானதே. இரண்டு யுத்தங்களும், 1933க்குப் பிறகு ஜெர்மனி தன் அறிஞர்களைத் தானே துரத்திக்கொண்ட மௌட்டியமும் அந்த உறவை அறுத்தன. பிறகு ஜெர்மானியரே ஆங்கிலத்தில் எழுதத் தலைப்பட்டார்கள். 1930இல் தோன்றிய அவர்களுடைய நுண்ணுயிரியல் பத்திரிகை 1974இல் தன் பெயரையே ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டது.

எஞ்சியிருப்பவை நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்கும் பழைய தொகுதிகள். அவற்றைத் திறக்கிறவன் முதலில் இடறி விழுவது பெரிய தத்துவங்களில் அல்ல. மேசைமேல் கிடக்கும் சாமான்களின் பெயர்களிலும், கைவேலையைக் குறிக்கும் சொற்களிலும்தான். ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஜெர்மன் பாஷையில் 'ஷ்டிக்' என்றால் குத்து. 'ஷ்ட்ரிக்' என்றால் கோடு. நேரான கம்பியின் நுனியில் கிருமியைத் தொட்டு, குழாயில் உறைந்திருக்கும் ஜெலட்டினுக்குள் அடிவரை செங்குத்தாகக் குத்தி எடுப்பது குத்து வளர்ப்பு. அதே கிருமியை ஊடகத்தின் மேற்பரப்பில் இழுத்துவிடுவது கோட்டு வளர்ப்பு. குத்திய தடத்தில் ஆழத்துக்குச் செல்லச் செல்லக் காற்றுக் குறைவு. ஆகவே கிருமி மேலே மட்டும் வளர்கிறதா, அடிவரை வளர்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிராணவாயு வேண்டுமா வேண்டாமா என்று அக்காலத்தவர் ஊகித்தார்கள். குத்தைச் சுற்றி ஜெலட்டின் உருகுவது புனல் வடிவிலா, பை வடிவிலா என்பதையே ஓர் அடையாளமாகக் கொண்டு கிருமிகளை வேறுபடுத்தினார்கள். கோட்டு வளர்ப்பில் இவை ஒன்றும் தெரியாது. இரண்டு சொற்களுக்கும் இடையே இருப்பது 'ர்' என்ற ஒரே எழுத்து. மங்கிய பழைய தாளைப் படமெடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கும்போது அந்த எழுத்து உதிர்ந்துவிட்டால், வாக்கியத்தின் இலக்கணம் சிறிதும் கெடாது; அர்த்தமும் கெட்டதாகத் தோன்றாது; பரிசோதனை மட்டும் வேறாகிவிடும். கம்பியைக் கையில் பிடித்தவனுக்கு, மேற்பரப்பில் இழுத்த கோட்டில் எப்படிப் புனல் உண்டாகும் என்ற சந்தேகம் உடனே எழும். மற்றவனுக்கு எழாது.

இப்படிப்பட்டவை இன்னும் எத்தனையோ. 'அவுஸ்ஷ்ட்ரிக்' என்பது கண்ணாடிச் சில்லில் இழைத்த பூச்சு, 'அப்ஷ்ட்ரிக்' என்பது நோயாளியின் தொண்டையிலிருந்து பஞ்சால் துடைத்தெடுத்தது. முன்னொட்டைக் கவனியாதவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். 'போடன்' என்பதற்கு மண் என்றும் தரை என்றும் அடி என்றும் பொருள் உண்டு. 'நேர்போடன்' என்றால் கிருமிக்கு உணவாகும் வளர்ப்பு ஊடகம், 'போடன்பக்டேரியன்' என்றால் மண்ணில் வாழும் கிருமிகள், 'போடன்ஸாட்ஸ்' என்றால் பாத்திரத்தின் அடியில் தங்கும் கசடு. தட்டைச் சூடான பெட்டியில் வைத்து வளர்ப்பதற்கு ஜெர்மானியர் 'பெப்ரூட்டுங்' என்கிறார்கள். அது கோழி அடைகாப்பதற்குரிய சொல். நோய் உடலுக்குள் புகுந்து வெளிப்படும் வரையுள்ள காலத்துக்கோ லத்தீன் வழிவந்த 'இன்குபாட்ஸியோன்' என்ற பதத்தை வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகையால், மூலத்தில் தெளிவாக இருந்த பேதம் மொழிபெயர்ப்பில் மறைந்துபோகிறது. கம்பி நுனியிலுள்ள வளையத்துக்கு 'ஓஸெ' என்று பெயர். அது வெறும் கருவியாக இராமல் அளவையாகவும் விளங்கியது. இத்தனை ஓஸெ கிருமியை இத்தனை எடையுள்ள கினிப்பன்றிக்குச் செலுத்தினோம் என்று எழுதுவார்கள். இரண்டு மில்லிகிராம் அள்ளும்படி செய்த வளையத்துக்கு நியம ஓஸெ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் கணக்கை அறியாமல் வளையம் என்று மட்டும் எழுதிச் செல்லும் மொழிபெயர்ப்பில் செலுத்திய கிருமியின் அளவே காணாமற்போகிறது. கிருமித் திரளின்மேல் மெல்லிய கண்ணாடியை அழுத்தி எடுத்துச் சாயமேற்றும் முறைக்கு வைத்த பெயரில் 'க்ளாட்ஷ்' என்ற சொல் வருகிறது. கைதட்டும் ஓசைக்கும் ஊர்வம்புக்கும் அதே சொல். பரிசோதனைச் சாலையில் வம்புப் பேச்சு நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். எனினும் அங்கே அந்தச் சொல்லுக்கு அது பொருளன்று.

இவை பழகினால் தீரும் இடையூறுகள். இயந்திரமும் ஒருநாள் இவற்றைக் கற்றுக்கொள்ளலாம். கற்பதால் தீராத இடையூறு ஒன்று இருக்கிறது; அங்கேதான் நல்ல மொழிபெயர்ப்பாளர்களும் சறுக்குகிறார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹன்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற இளம் வைத்தியர், பெர்லினில் கார்ல் ஃப்ரீட்லேண்டரின் பரிசோதனைச் சாலையில் வேலை செய்தபோது, நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரல் துண்டுகளில் கிருமிகளைக் காணும் வழியைத் தேடினார். திசுவுக்கும் கிருமிக்கும் ஒரே சாயம் ஏறி எல்லாம் ஒரே நிறமாகத் தெரிந்தது அக்காலத்துச் சங்கடம். ஊதாச் சாயம் ஏற்றி, அயோடின் கரைசலில் இட்டு, பிறகு சாராயத்தில் கழுவினால், திசுவிலிருந்து சாயம் நீங்கிவிடுகிறது, கிருமிகளில் மட்டும் தங்கி நிற்கிறது என்று அவர் கண்டு, 1884இல் ஜெர்மன் பாஷையில் எழுதினார். அக்கட்டுரையின் தலைப்பில் அவர் இட்ட சொல் 'இஸோலீர்ட' சாயமேற்றல், அதாவது தனித்து நிற்கும்படி சாயமேற்றல். கிருமியைத் திசுவிலிருந்து தனித்துக் காட்டுவதே அவருடைய நோக்கம். டைஃபாய்டு கிருமி போன்ற சில, சாயத்தை இழந்து மறைந்துவிட்டன; அதை அவர் தம் முறையின் குறையாகவே கருதினார்; முறை இன்னும் செம்மைப்படவில்லை என்று அடக்கத்தோடு ஒப்புக்கொண்டு, மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று வெளியிட்டார். அந்தக் குறையே பிற்காலத்தில் பெருநிதியாயிற்று. சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் கிருமிகள் ஒரு சாதி, விட்டுவிடும் கிருமிகள் மறு சாதி என்று கிருமி உலகத்தையே இரண்டாகப் பிரிக்கும் கருவியாக இன்று அது ஆஸ்பத்திரிகளில் நாள்தோறும் உபயோகமாகிறது.

அமெரிக்க நுண்ணுயிரியல் நிபுணரான தாமஸ் பிராக், 1961இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற தொகுப்பில் இந்தக் கட்டுரையை ஆங்கிலமாக்கியபோது, 'தனித்து' என்ற இடத்தில் 'வேறுபடுத்தும்' என்ற பொருள் தரும் சொல்லைத் தலைப்பில் இட்டார். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுக்களில் வாழும் கிருமியைக் கண்டெடுத்த பேரறிஞர் அவர். கம்பியும் தட்டும் அவருக்குக் கைவந்தவை. ஜெர்மன் பாஷையும் தெரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் தம் விளக்கத்தையும் சேர்த்தார். அவருடைய தொண்டை நான் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணவேண்டாம். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் ஆங்கிலம் மட்டும் அறிந்த இரண்டு தலைமுறை மாணவர்கள் கிராமை அறிந்தே இருக்கமாட்டார்கள். எனினும் அந்த ஒரு சொல் என்ன செய்கிறது என்று பாருங்கள். கிருமிகளை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தும் முறையைக் கிராம் முதல் நாளிலேயே அறிந்து தந்துவிட்டார் என்று மாணவன் எண்ணிக்கொள்ள அது இடம் தருகிறது. திசுவிலிருந்து கிருமியை வேறுபடுத்துவது என்று அதற்கு நல்ல பொருள் கொள்ளலாம்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லைப் படிக்கும் எவருக்கும் அந்தப் பொருள் முதலில் தோன்றாது. கிராம் தேடியது ஒன்று, உலகம் அதில் கண்டெடுத்தது மற்றொன்று. தாம் கண்டதன் மதிப்பை அறியாமலே ஒரு மனிதர் அதைக் குறையென்று எழுதிவைத்தது விஞ்ஞான சரித்திரத்தின் மிக ரசமான பகுதிகளில் ஒன்று. அது தலைப்பிலேயே அழிந்துபோகிறது.

இதைவிடச் சிக்கலான விவகாரம் கோக்குக்கும் பாஸ்டருக்கும் இடையே நடந்தது. 1882 செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிய சுகாதார மகாநாட்டில் லூயி பாஸ்டர் பேசினார். கோக் சபையில் அமர்ந்திருந்தார். பாஸ்டருக்கு ஜெர்மன் வராது. கோக்குக்குப் பிரெஞ்சு போதாது. பக்கத்தில் இருந்த லிஹ்ட்ஹைம் என்ற பேராசிரியர் அவ்வப்போது மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்மைக் கண்டித்துப் பெர்லின் சுகாதார இலாகா வெளியிட்ட கட்டுரைத் தொகுதியைப் பாஸ்டர் 'ஜெர்மானியத் தொகுப்பு' என்று குறிப்பிட்டார். தொகுப்பு என்பதற்கு உரிய பிரெஞ்சுச் சொல் 'ரக்கய்'. அகந்தை என்பதற்கு உரிய சொல் 'ஓர்கய்'. லிஹ்ட்ஹைமின் காதில் இரண்டாவதுதான் விழுந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி. தம் தேசத்தின் அகந்தையைப் பாஸ்டர் சபையறியப் பழிக்கிறார் என்று எண்ணிக் கோக் சினந்து எழுந்தார். அவர் ஏன் சினக்கிறார் என்பது பாஸ்டருக்கு விளங்கவில்லை. விவாதம் நடைபெறாமலே முடிந்தது. எழுத்தில் பதில் தருவதாகக் கூறிய கோக், அவ்வாண்டிலேயே ஒரு சிறு நூலை வெளியிட்டார்.

அந்த நூலின் தலைப்பே நம் விஷயத்துக்கு உரியது. அடைப்பான் நோய்க்கு ஜெர்மன் பாஷையில் 'மில்ட்ஸ்பிராண்ட்' என்று பெயர்; மண்ணீரல் கருகிப்போதல் என்பது அதன் சொற்பொருள். அதனோடு 'இம்ப்ஃபுங்' என்ற சொல்லைச் சேர்த்துத் தலைப்பிட்டார் கோக். இந்த இம்ப்ஃபுங் மூன்று வேலைகளுக்குப் பொது. வைசூரி வராமல் குழந்தைக்கு அம்மை குத்துவதும் இம்ப்ஃபுங். 1874இல் ஜெர்மனியில் இயற்றிய கட்டாய அம்மைகுத்தல் சட்டத்தின் பெயரிலும் அதுவே இருக்கிறது. நோய்ப் பொருளை முயலுக்குள் செலுத்தி நோயை வேண்டுமென்றே உண்டாக்குவதும் இம்ப்ஃபுங். ஊடகத்தில் கிருமியை இடுவதும் அதுவே. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே காப்பதா, கொல்வதா, வளர்ப்பதா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். கோக்கின் நூலில் பேச்சு, பாஸ்டர் ஆடுகளுக்குப் போட்ட தடுப்பூசியைப் பற்றியது. ஆகவே 'வாக்ஸினேஷன்' என்று ஆங்கிலமாக்கிவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றும்.

கெடுவது இதுதான். அந்தச் சொல் லத்தீனில் பசுவைக் குறிக்கும் பதத்திலிருந்து வந்தது. ஜென்னரின் பசுவம்மைப் பாலுக்கு மட்டும் உரியதாக இருந்தது. ஜென்னருக்குச் செலுத்தும் மரியாதையாக அதை எல்லாவிதத் தடுப்பு ஊசிகளுக்கும் விரிக்கலாம் என்று 1881இல் லண்டன் மகாநாட்டில் முன்மொழிந்தவரே பாஸ்டர். மறு ஆண்டில், அதே பாஸ்டரின் முறை நம்பத்தகாதது, அவருடைய கிருமிகள் தூய்மையற்றவை என்று சாடுவதற்காகக் கோக் எழுதிய நூலில், பாஸ்டர் உண்டாக்கிய விரிபொருளைக் கோக்கின் வாயில் வைப்பது, வழக்கில் பிரதிவாதியின் வாக்குமூலத்தை வாதியின் வக்கீல் எழுதிக்கொடுப்பதற்குச் சமம். மாறாக 'இனாகுலேஷன்' என்று எழுதினாலும் சங்கடம் முற்றும் தீர்வதில்லை. ஆங்கிலேயரின் சரித்திரத்தில் அது வைசூரிச் சீழையே எடுத்துக் குத்தும் பழைய வழக்கத்தையும், 1840இல் அதைத் தடைசெய்த சட்டத்தையும் நினைவூட்டும். இரண்டு குறைகளில் சிறியது இரண்டாவது என்பது என் தீர்ப்பு. அதையே இட்டு, மூலச்சொல்லை ஓரத்தில் காட்டி, ஏன் அதை இட்டோம் என்று இரண்டு வரி எழுதிவிடுவது நேர்மை.

'பெர்ல்ஸுக்ட்' என்ற நோய்ப்பெயரும் இந்த இனத்ததே. பசுவின் மார்புச் சவ்விலும் வயிற்றுச் சவ்விலும் முத்துக்கோத்தாற்போலக் கட்டிகள் தோன்றுவதால் அதற்கு முத்துநோய் என்று பெயர் வந்தது. அது மாட்டுக்கு வரும் க்ஷயம் என்பதை இன்று நாம் அறிவோம். ஆகவே எல்லாரும் அப்படியே ஆங்கிலமாக்குகிறார்கள். ஆனால் முத்துநோயும் மனிதனின் க்ஷயமும் ஒன்றா வேறா என்பதே அன்று வழக்காக இருந்தது. இரண்டும் ஒன்றே என்று 1882இல் கூறிய கோக், 1901இல் லண்டனில் எழுந்து நின்று, மாட்டின் கிருமி வேறு, அதனால் மனிதனுக்குப் பெரும் அபாயமில்லை என்று சொல்லி உலகத்தைத் திகைக்கவைத்தார். பத்தாண்டு ஆராய்ந்த பிரிட்டிஷ் ராயல் கமிஷன், மாட்டுக்கிருமி மனிதனையும் தாக்கும் என்று முடிவு கண்டது. தீர்ப்பு வருமுன் எழுதிய கட்டுரைகளில் தீர்ப்பையே நோயின் பெயராக எழுதிவைத்தால், எதைப் பற்றி அவர்கள் சச்சரவிட்டார்கள் என்பது படிப்பவனுக்கு விளங்குமா?

மாற்றாமல் விட்டாலே விபரீதமாகும் சொற்களும் இருக்கின்றன என்று ஆட்சேபிப்பவர்கள் கூறுவார்கள், கூறுவது நியாயமே. க்ஷயக் கிருமியைக் கண்ட கோக் அதை 'டுபர்கெல்வீரூஸ்' என்றும் குறிப்பிட்டார். வைரஸ் என்று இன்று நாம் அழைக்கும் பொருள் அப்போது எவருக்கும் தெரியாது. நோய் உண்டாக்கும் நஞ்சு எதுவானாலும் அதற்கு அந்த லத்தீன் சொல்லை வழங்கினார்கள். இரு பாஷைகளிலும் உருவம் மாறாத சொல்லாதலால் இயந்திரம் அதைத் தயக்கமின்றி அப்படியே வைத்துவிடும். படிக்கிற மாணவனோ க்ஷயம் வைரஸால் வருவதென்று கோக் நம்பியதாக எண்ணிக்கொள்வான். ஆகவே அதைக் கிருமி என்றோ நோய்க்காரணி என்றோ மாற்றிவிடவேண்டாமா? வேண்டாம் என்றே நான் சொல்வேன். நஞ்சு என்ற பழைய கருத்தின் வாரிசாகத் தம் கிருமியைக் கோக் முன்னிறுத்தினார். அதுவரை உருவமற்றதாக இருந்த நஞ்சு இதோ, கோல்வடிவ உயிராகக் கண்ணாடியின் கீழ்க் கிடக்கிறது என்பது அந்தச் சொல்லாட்சியின் வேகம். சொல்லை நீக்கினால் அந்த வேகமும் நீங்கும். வைத்துக்கொண்டு குறிப்பு எழுதுவதே வழி.

பாக்டீரியாவுக்கு அக்காலத்து ஜெர்மானியர் வழங்கிய 'ஷ்பால்ட்பில்ட்ஸ' என்பதும் அவ்விதமே. பிளந்து பெருகும் காளான்கள் என்பது அதன் பொருள். நேகேலி என்னும் தாவரவியலார் அவற்றுக்கு இட்ட கிரேக்கப் பெயருக்கும் அதே பொருள். காளான்கள் அல்ல அவை என்று நமக்குத் தெரிந்ததால் பாக்டீரியா என்று திருத்திவிடத் துடிக்கிறோம். கோக்கின் முதற் கட்டுரை தாவரவியல் பத்திரிகையில் வெளிவந்ததை மேலே சொன்னேன். காளான் தாவரம், கிருமி காளான், ஆகவே கிருமியைத் தாவரவியலார் ஆராய்வது இயற்கை என்ற தொடர்பு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. திருத்தியபின், கோன் என்ற தாவரவியல் ஆசிரியர் மாட்டுநோயைப் பற்றிய கட்டுரையை ஏன் வெளியிட்டார் என்பது புதிராகிவிடும்.

மொழிபெயர்க்கவே வேண்டாத அதிருஷ்டம் ஒரு சொல்லுக்கு வாய்த்தது. கோடையில் ஜெலட்டின் உருகிப் பரிசோதனைகள் பாழாவதைக் கண்டு, வால்டர் ஹெஸ்ஸெ என்ற வைத்தியர் வருந்தியபோது, அவருடைய மனைவி ஃபானி, சமையலில் தாம் பழச்சாற்றை உறையவைக்க உபயோகித்த அகார்-அகாரை எடுத்துக் கொடுத்தார். ஜாவாவிலிருந்து வந்த டச்சுக் குடும்பத்தாரிடம் அவர் அதைக் கற்றிருந்தார். நம் வீடுகளில் கடற்பாசி என்று காய்ச்சி உறையவைத்துத் துண்டுபோடுகிறார்களே, அதே பொருள். மலாய் பாஷைச் சொல் ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. 1882 கட்டுரையில் கோக் அகாரைப் போகிற போக்கில் குறிப்பிட்டார். அந்த அம்மையாரின் பெயரைச் சொல்லவில்லை. இது மொழிபெயர்ப்பின் குற்றமன்று, மூலத்தின் குற்றம். அதைத் திருத்தவும் மொழிபெயர்ப்பாளருக்கு அதிகாரமில்லை; ஓரக்குறிப்பில் அவர் பெயரை எழுதலாம், எழுதவேண்டும்.

இவ்வளவு நுட்பம் எதற்கு, ஆராய்ச்சி மாணவனுக்கு வேண்டியது முடிவுதானே, சொல் ஆராய்ச்சியை வரலாற்றாசிரியர்கள் செய்துகொள்ளட்டும் என்பது மற்றோர் ஆட்சேபம். முடிவு மட்டும் வேண்டுமானால் பாடப்புத்தகம் போதும். எவரும் 1884ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தேடிப் போகவேண்டியதில்லை. மூலத்தைத் தேடுகிறவன், அன்று என்ன செய்தார்கள், எதைக் கண்டார்கள், எதைக் கண்டும் பொருட்படுத்தாமல் விட்டார்கள் என்று அறிவதற்காகவே தேடுகிறான். அவனுக்கு இன்றைய பாடப்புத்தகத்தையே பழைய தேதியிட்டுக் கொடுப்பது ஏமாற்று.

இயந்திரத்தின் உதவியை அறவே விலக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதற்பிரதியை அது எழுதட்டும்; ஜெர்மன் அறிந்த ஒருவரும் கம்பி பிடித்த ஒருவரும் மூலத்தின் படத்தை எதிரில் வைத்துக்கொண்டு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தட்டும்; இருவரும் ஒருவராக அமைந்தால் பாக்கியம். ஐயத்துக்கு இடமான ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் அதன் ஜெர்மன் வடிவம் ஓரத்தில் இருக்கட்டும். நான் மிகவும் வற்புறுத்துவது இன்னொன்று. வாட்ஸன் செய்ன், க்ஷயக் கட்டுரையை 1932இல் ஆங்கிலமாக்கிய, 'பின்னர்' என்ற குடும்பப்பெயர் கொண்ட தம்பதிகள், பிராக், கோக்கின் கட்டுரைகளை 1987இல் நூலாகத் தந்த கோடெல் கார்ட்டர் ஆகியோர் தத்தம் மொழிபெயர்ப்பில் தத்தம் பெயரை இட்டார்கள். அதனால்தான் ஒரு சொல்லுக்காக அவர்களோடு இன்றும் வழக்காட முடிகிறது. இப்போதோ, இயந்திரம் தந்த ஆங்கிலத்தைக் கட்டுரைகளில் மேற்கோளாக இட்டு, அடியில் கோக் என்றும் கிராம் என்றும் மட்டும் எழுதிவிடுகிறவர்கள் தோன்றியிருக்கிறார்கள். அந்த ஆங்கிலம் கோக்கினுடையதும் அன்று, கிராமினுடையதும் அன்று. அதற்குப் பொறுப்பேற்க ஒருவரும் இல்லை. மொழிபெயர்த்தவர், அல்லது இயந்திரப் பிரதியை ஒப்பிட்டுப் பார்த்தவர், பெயர் இல்லாத மேற்கோளை விஞ்ஞானப் பத்திரிகைகளின் ஆசிரியர்கள் திருப்பி அனுப்பவேண்டும்.